மூன்றாவது குவிமாடத்தில் காய்ந்த துணி

ஹல் நகரத்துப் பெரிய கட்டடங்களில் பாதியை நான்தான் கட்டினேன். கொத்தனார்கள் கல்லால் கட்டியது போக மீதியை நான் வாயால் கட்டினேன் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். சரி, பாதி என்பது கூடுதல். உள்ளதைச் சொன்னால் ஒரே ஒரு குவிமாடம், அதுவும் நான் பிறப்பதற்கு எண்பது வருடம் முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நான் மாற்றி வைத்தேன். அந்த ஒற்றைக் குவிமாடம் என் தோழி நார்மா ஸ்டாதர்ஸை ஒரு மே மாதக் காலையில் விழுங்கப் பார்த்தது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நார்மா, சதுக்கத்துக் கலைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கோட்டு வாங்கி வைக்கும் மேசைக்குப் பின்னால் நின்றவள். வருகிறவர்களின் நனைந்த கோட்டை வாங்கி எண் தகட்டைக் கொடுப்பாள்; போகும்போது தகட்டை வாங்கிக் கோட்டைக் கொடுப்பாள். அத்தனை வருடத்தில் ஒரு கோட்டு ஆள் மாறிப் போனதில்லை. இங்கிலாந்தின் நாலு மூலையிலிருந்தும் படம் பார்க்க வந்தவர்கள் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “கழிப்பறை எந்தப் பக்கம்?”

ஆனால் காலையில் கதவு திறப்பதற்கு முன் கால் மணி நேரம் அந்தக் கூடம் முழுக்க அவளுடையது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பாள். ஒரு பழைய கடல் படத்தில், ஓவியர் பாய்மரக் கயிற்றைத் தப்பான பக்கம் கட்டியிருக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அவள் அப்பா ஆர்தர் மீன்பிடிக் கப்பல்காரர். மூன்று வாரம் ஐஸ்லாந்துக் கடலில், மூன்று நாள் கரையில், மறுபடி மூன்று வாரம் கடலில் என்று வாழ்ந்தவர். கயிற்றைப் பற்றி அவர் மகளிடம் பொய் செல்லாது. கண்டுபிடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் நிற்கிறவள் படத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற அன்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தாள். நகர வழிகாட்டியாகப் போகிறேன், கழுத்தில் நீல நாடாவில் வெண்கல வில்லை தொங்கவிடப் போகிறேன், சதுக்கத்தில் நின்று பேசப் போகிறேன், நூறு பேர் கேட்கத்தான் வேண்டும் என்றாள். வில்லை சும்மா கிடைக்காது. வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைக்கும். தெருத் தெருவாக நடக்க வைத்து, எந்தக் கட்டடத்தின் முன்னால் யார் பேசுவது என்பதை அங்கே போன பிறகுதான் சொல்வார்கள். இரண்டு முறை எழுதலாம். இரண்டாவதும் போனால் போனதுதான்.

முதல் முறை போய்விட்டது. பெரிய தேவாலயத்தின் முன்னால் ஒரு வருடத்தை மறந்தாள். மறந்த வருடத்தைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நாலு நிமிடம் உப்புத் தூணாக நின்றாள். ஒரு கடற்காகம் வந்து பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

இந்த உறைதல் பழைய வியாதி. எங்கள் காலத்தில் பதினோரு வயதில் ஒரு தேர்வு உண்டு. தேறினால் மேல்பள்ளி, லத்தீன், பல்கலைக்கழகம். தேறாவிட்டால் தையல், சமையல், பிறகு மீன் தொழிற்சாலை. மீனவர் குடியிருப்பான ஹெஸ்ஸில் ரோட்டில் ஒரே சந்தில் எதிரெதிர் வாசல் நாங்கள். தேர்வு நாள் காலையில்தான் நார்மாவின் அப்பா கப்பல் ஏறினார். கப்பல் கிளம்பும் நாளில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால், அலை ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். கை ஆட்டி வழியனுப்பவும் மாட்டார்கள். கை ஆட்டினால் அலை அதைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு நார்மாவின் வெள்ளைச் சட்டையில் முட்டை மஞ்சள் சிந்தியது. இருந்தது அந்த ஒரு சட்டைதான். ஈரத் துணியால் துடைக்கக்கூட அவள் அம்மா விடவில்லை. “உங்கப்பன் தலையத் தண்ணில முக்கச் சொல்றியா?” என்று கேட்டாள். நார்மா இடது உள்ளங்கையால் நெஞ்சை மூடிக்கொண்டு, ஒரு கையால் தேர்வு எழுதினாள். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது, பிடிக்கக் கை இல்லை. பக்கத்து மேசையில் நான் இரண்டு கையும் வீசி எழுதினேன். நான் தேறினேன். முப்பது வருடம் சரித்திர ஆசிரியையாக இருந்தேன். அவள் தேறவில்லை.

இனி அந்த மே மாதக் காலைக்கு வருகிறேன். இரண்டாவது தேர்வு. அவளுக்கு அறுபத்தேழு வயது. தேர்வு எழுதுகிறவர் ஒரு நண்பரை அழைத்து வரலாம், கூட்டம் போல் தெரிவதற்காக. நான்தான் அவளுடைய கூட்டம்.

அவளை அழைத்துப் போக வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் கணவர் டெரெக்கின் சட்டையில் வேட்டிக் கரை போட்டாற்போல் சாஸ் கொட்டியிருந்தது.

“மாத்தக் கூடாதா டெரெக்?”

“எதுக்கு மாத்த? மாத்துறதுக்கும் சட்டை இல்ல. நேத்துலேர்ந்து மெஷின் பக்கம் போகக் கூடாதுன்னு உத்தரவு. துணி மலையாக் குவிஞ்சு கெடக்கு. அவ என்ன ஐஸ்லாந்துக்கா போறா? அஞ்சாம் நம்பர் பஸ்ல டவுனுக்குப் போறா.”

“வாய மூடு டெரெக்,” என்றது உள்ளேயிருந்து குரல்.

“கையாவது ஆட்டலாமா?”

“ஆட்டித்தான் பாரேன்.”

நாங்கள் தெரு முனை திரும்புகிற வரை டெரெக் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்த மனிதரைப் பற்றி வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்தோம். பழக்கிய பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வழிகாட்டிகளுக்கு ஒரு விதி: கட்டடத்துக்கு முதுகு, மக்களுக்கு முகம். திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் இரண்டு மாதமாகச் சமையலறை அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று பழகியிருந்தாள். அலமாரி ஒவ்வொரு நாளும் ஒரு கட்டடம். அன்றைக்குப் பஸ்ஸின் பின்கண்ணாடி.

“உங்களுக்கு முன்னால இருக்குறது பழைய துறைமுக அலுவலகம். மூணு குவிமாடம் தெரியுது பாருங்க. ரெண்டு அழகுக்கு. மூணாவது துணி காயப் போட.”

நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

“துறைமுகக் கம்பெனி டைரக்டரோட மனைவி லண்டன்காரங்க. தினமும் படுக்கை விரிப்பு வெளுத்தாகணும். கப்பல் கெளம்புற நாள்ல இந்த ஊர்ல யாரு கொடியில துணி தெரிஞ்சாலும் ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது. பாத்தாரு டைரக்டரு. ரெண்டு குவிமாடத்தோட மூணாவதா ஒண்ணு கட்டி, உள்ள கொக்கி அடிச்சுக் குடுத்தாரு. அந்தக் கொக்கி இன்னும் இருக்கு.”

எங்கே பிடித்தாய் என்று நான் கேட்கவில்லை. எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வேன். கல்யாண வீடுகளில் சொல்வேன். கலைக்கூடத்து உணவு மேசையில், நார்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எத்தனை முறை சொன்னேனோ. ஒரு தடவை கொக்கி பன்னிரண்டு, ஒரு தடவை நாற்பது. குவிமாடத்துக்குள் சோப்பு வாசனை வருவதாகக்கூட ஒரு கிறிஸ்துமஸில் சொன்னதாக நினைவு.

நார்மாவே ஒரு மாதம் முன்பு என்னிடம் சொல்லியிருந்தாள்: தேர்வில் தப்புத் தேதி சொன்னால் மதிப்பெண் குறைப்பார்கள், மன்னிப்பார்கள். ஆதாரம் இல்லாத கதையை உண்மை என்று சொன்னால் அங்கேயே முடித்துவிடுவார்கள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் பாடத்தின் நடுவில் ஒரு ஓட்டை விழும். ஒரு வருடம் மறந்ததற்கே நாலு நிமிடம் நின்றவள், முழுப் பத்தி போனால் சாயங்காலம் வரை நிற்பாள். சொல்லாவிட்டால்? குவிமாடம் வேறு யாருக்காவது விழலாம். மூன்று பேர், ஆறு இடம். மூன்றில் இரண்டு பங்கு தப்பிக்கலாம். என் தோழியின் கடைசி வாய்ப்பை வைத்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. வழக்கமாக இவ்வளவு நிறுத்தங்கள் கிடையாது.

சதுக்கத்தில் விக்டோரியா ராணி சிலை. ராணி உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே ஊர்ப் பொதுக் கழிப்பறை. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அவசரத்துக்கு ராணி என்ன செய்வாள். நார்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். நானும் பின்னால் இறங்கினேன். அவள் கதவைத் தாழிட்டதும் கதவின் முன்னால் போய் நின்றேன். கதவு நடுவில் இருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

“நார்மா.”

“என்னடி? பேப்பர் இருக்கு.”

“அந்த மூணாவது குவிமாடம்.”

“ம்.”

“அது பொய்.”

“எது பொய்?”

“துணி. கொக்கி. டைரக்டர் பொண்டாட்டி. எல்லாமே. நான் கட்டி விட்டது.”

கதவுக்கடியில் அவள் கறுப்புக் காலணிகள் தெரிந்தன. இடது காலணி மெதுவாக வலது காலணியின் மேல் ஏறியது.

“நீ கட்டி விட்டதா?”

“நான்தான்.”

“நீயா?”

இரண்டு தரம் கேட்டாள். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கதவுக்குப் பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் வந்தது:

“அப்ப அந்தக் கொக்கியும் இல்லியா? எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா அந்தக் குவிமாடத்தத்தான் முதல்ல கூட்டிப் போயிக் காட்டுவேன்.”

“இல்லம்மா, மன்னிச்சுக்கங்க,” என்றேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு, கதை,” என்றது குரல், ஆறுதலாக.

நார்மாவின் கதவு திறக்கவில்லை. “ஹேசல், நீ மேல போய் நில்லு,” என்றாள். குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலே தேர்வாளர் வந்திருந்தார். திருமதி எல்லர்பி. குட்டை முடி, மழைக்கோட்டு, அட்டையில் செருகிய தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தேர்வுக்கு: ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர், நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். நண்பர்களான எங்களுக்கு விதி சொல்லப்பட்டது: பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, அர்த்தமுள்ள இருமல் கூடாது. எல்லர்பி அதைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். சில முகங்களுக்கு அந்த ராசி.

நார்மா படியேறி வந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்திருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. இடது உள்ளங்கை நெஞ்சின் மேல் இருந்தது. சட்டையில் கறை எதுவும் இல்லை.

ராணி சிலை நூலகப் பெண்ணுக்கு விழுந்தது. பச்சை இஞ்சி நிலம் என்று ஒரு சந்து எங்கள் ஊரில் இருக்கிறது, பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது போலீஸ்காரருக்கு. அவர் குற்றப் பத்திரிகை வாசிப்பது போல் நன்றாகவே சொன்னார். நகர மன்றம் மறுபடி நூலகப் பெண்ணுக்கு. பெரிய தேவாலயத்தை நெருங்கும்போது நார்மாவின் தோள்கள் காது வரை ஏறின. அது போலீஸ்காரருக்குப் போனது. அவள் தோள்கள் இறங்கின. என்னுடையவை ஏறின. ஆளுக்கு இரண்டு. மற்ற இருவருக்கும் இரண்டும் முடிந்துவிட்டது. மிச்சம் தங்க முலாம் பூசிய குதிரை வீரர் சிலையும் துறைமுக அலுவலகமும். இரண்டும் அவளுக்குத்தான்.

குதிரை வீரர் சிலை முன்னால் அவள் பேசினாள். கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. ஒரு கையாலேயே குதிரையைக் காட்டினாள், ஒரு கையாலேயே தேதிகளைச் சொன்னாள். தப்பில்லை. உயிரும் இல்லை. எல்லர்பி ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பிச் சதுக்கத்துக்கு நடந்தோம். அந்தத் தெருவில் நான் எழுபது வருடமாக நடக்கிறேன், அன்றைக்கு அதற்கு முடிவே இல்லை. பிறகு முடிந்துவிட்டது, அது இன்னும் மோசம். துறைமுக அலுவலகம் மூன்று குவிமாடங்களோடு நின்றது. நார்மா அதற்கு முதுகைக் காட்டி எங்கள் முன்னால் நின்றாள்.

கட்டிய வருடம் சொன்னாள். கல்லைச் சொன்னாள். கப்பல்துறையை மண்ணடித்து மூடித் தோட்டமாக்கியதைச் சொன்னாள். “மூணு குவிமாடம் தெரியுது பாருங்க. ரெண்டு,” என்றாள்.

அங்கே நின்றது.

நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து. போலீஸ்காரர் தன் காலணியைப் பார்த்தார். இருபது. நூலகப் பெண்ணின் உதடுகள் அவளுக்காக அசைந்தன. முப்பது. எல்லர்பியின் பேனா மூடி திறந்தே இருந்தது. அர்த்தமில்லாத ஒரு இருமலாவது இருமலாமா என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

அப்போது நார்மா செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். திரும்பினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, மூன்றாவது குவிமாடத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உச்சியில் ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. பின்னால் மேகம் ஓடியதால் குவிமாடம் கப்பல் போலக் கிளம்பிப் போவதாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அவள் இடது கை நெஞ்சிலிருந்து இறங்கித் தொடையருகே தொங்கியதை மட்டும் கவனித்தேன்.

மறுபடி எங்கள் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு அழகுக்கு. மூணாவதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் உள்ள போனதில்ல. பதினோரு வயசுல ஒரு நாள், அதுக்குள்ள ஏதாவது இருக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டேன். அவ்வளவுதான். நன்றி.”

எல்லர்பி பேனாவை மூடினார். மற்ற இருவரையும் காப்பிக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

“திருமதி ஸ்டாதர்ஸ், ரெண்டு விஷயம். ஒண்ணு, கூட்டத்துக்கு முதுகக் காட்டிட்டீங்க.”

“ஆமாங்க. மன்னிக்கணும்.”

“ரெண்டாவது, துணி காயப் போட்ட கதைய விட்டுட்டீங்க. அதத்தான் ஜனங்க கேக்க வர்றாங்க. பேட்ஜ் வாங்கினவங்களுக்கு நாங்க குடுக்கற குறிப்பேட்டுல நாப்பத்தொண்ணாம் பக்கத்துலயே இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

என் பொய் அச்சில் ஏறியிருந்தது, பக்க எண்ணோடு. தெரியும், பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று நார்மா சொன்னால் போதும். அந்த அம்மாள் மனம் இரங்கும் முகத்தோடுதான் கேட்டார். சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எங்கள் ஊரில் நேருக்கு நேராக ஒருவரைத் தப்பு என்று சொல்வது, அவர் வீட்டு வாசலில் எச்சில் துப்புவது மாதிரி. அதனால்தான் அந்தக் கதை அத்தனை வருடம் உயிரோடு இருந்தது. யாரும் யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை.

“தெரியும்,” என்றாள் நார்மா. “அது பொய்ங்க.”

“யார் சொன்னது?”

நார்மா தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் பின்னால் வந்து என்னைச் சுட்டியது. “அவ.”

எல்லர்பி என்னைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“ஹேசல் பீட்டுங்க. சரித்திர டீச்சர், ஓய்வு.”

“சரித்திர டீச்சரா இருந்துகிட்டுப் பொய் சொன்னீங்களா?”

“முப்பது வருஷம் உண்மையச் சொன்னேங்க. ஒரு பய கேக்கல. இது ஒண்ணுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “ஆதாரம்?” என்றார்.

“பொய்யிக்கு ஆதாரம் ஏதுங்க? சொன்னவ முன்னால நிக்கிறேன், அதுதான்.”

“அந்தப் பக்கத்த எழுதினது நான்,” என்றார் எல்லர்பி மெல்ல. “எங்க மாமியார் சொன்னாங்க. அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது, எங்கேர்ந்து தெரியும்னு?”

“கேக்க முடியாதுதான்,” என்றாள் நார்மா.

முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போகிற முதுகைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் நார்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது முறைக்கு, “சும்மா இருடி, நான் யோசிக்கணும்,” என்றாள்.

கடிதம் வர மூன்று வாரம் ஆனது, ஐஸ்லாந்து போய் வருகிற நேரம். டெரெக் மறுநாளே நாலு சுமை துவைத்துவிட்டார், கப்பல் கிளம்பிய பிறகு தடையில்லை என்பதால். நான் தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரர் வரும் நேரம் பார்த்து ஏதோ ஒரு சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சர்க்கரை கடன் கேட்டேன், கொடுத்ததைத் திருப்பினேன், மறுபடி கேட்டேன். இரவில் படுத்தால் அந்த நாற்பது நொடிதான். ஐம்பத்தாறு வருடம் கழித்து ஒருத்தி மறுபடி தேர்வுக்கு வந்து நிற்க, அவள் சட்டையில் இந்தத் தடவை கறையைக் கொட்டியவள் நானாகிவிட்டேனே என்று புரளுவேன்.

கடிதம் தடிமனாக வந்தது. நார்மா பிரிக்கவில்லை. டெரெக் பிரித்தார். தேர்ச்சி. கீழே ஒரு வரி: ‘கூட்டத்துக்கு முதுகு காட்டுவதைத் தவிர்க்கவும்.’ உள்ளே வெண்கல வில்லையும் குறிப்பேடும். குறிப்பேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கூடவே நாற்பத்திரண்டும் போயிருந்தது. அதில் என்ன உண்மை இருந்ததோ, பாவம்.

வில்லையை அவள் கழுத்தில் மாட்டவில்லை, கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் படித்தாள். அங்கே எண் மட்டும்தான் இருந்தது, கோட்டுத் தகடு மாதிரி. “நூத்திப் பதினேழு,” என்றாள். “யாரோட கோட்டோ.”

இப்போது நாலு வருடமாகச் சதுக்கத்தில் பேசுகிறாள். துறைமுக அலுவலகத்தின் முன்னால் ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று அண்ணாந்து பார்க்கிறாள். சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தாயிற்று.

இதுவரை எழுதியதை இன்றைக்கு அவளிடம் கொடுத்தேன். என் சமையலறையில் உட்கார்ந்து, தேநீர் ஆறுகிற வரை படித்தாள்.

“ஒரு தப்பு இருக்கு,” என்றாள்.

“எங்க?”

“முதல்லயே. ஒத்தக் குவிமாடம் உன்னுதுன்னு எழுதியிருக்க. அது எங்கப்பா கட்டினது.”

“எப்ப?”

“பரீட்ச ரிசல்ட் வந்த வாரம். அவரு கரையில இருந்தாரு. அந்த ஆபீஸ் சுவத்துமேல நம்ம ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, ஆளுக்கொரு உருளைக்கிழங்கு கட்லெட் வாங்கிக் குடுத்தாரு. நான் தின்னாம அழுதுகிட்டிருந்தேன். ‘அந்தா பாரு மூணாவது, கப்பல் போற நாள்லயும் அங்க துணி காயும், அடுத்த தடவ உன் சட்டைய அங்கதான் போடுவோம்’னாரு. கொக்கி, லண்டன்காரி எல்லாம் அவரு சொன்னதுதான். நீ அந்தாண்ட ஒக்காந்து கேட்டுகிட்டிருந்த.”

எனக்கு அது கொஞ்சமும் நினைவில்லை. “அப்ப அன்னிக்கு ஏன் என்னையக் காட்டின?”

“எங்கப்பாவப் பொய்யருன்னு அந்தம்மாகிட்ட சொல்லச் சொல்றியா? நீ பரீட்ச பாஸ் பண்ணவ. நீ பொய்யின்னா நம்புவாங்க.” தாளை மேசையில் வைத்து, விரலால் அந்த இடத்தைத் தட்டினாள். “அம்பத்தாறு வருஷம் நெசம்னே நெனச்சிருந்தேன். அந்தக் கக்கூஸ் கதவுக்கு உள்ள ஒக்காந்துதான் தெரிஞ்சுது, அவரு அத எனக்காகக் கட்டினாருன்னு. திருத்தி எழுது. அந்தக் கட்லெட்டையும் சேத்து எழுது. என்னோடதையும் நீதான் தின்ன.”